கேத்தியில் 200 லிட்டர் சோலார் சுடுதண்ணி: நாமே மாட்டினால் எங்கெல்லாம் சிக்கும்?

கேத்தி_மேல்வீடு:

வணக்கங்க. நீலகிரி கேத்தியில கான்கிரீட் மொட்டை மாடி போட்ட ஒத்தைத் தள வீடு. நாலு பேர். மாடியில 500 லிட்டர் பிளாஸ்டிக் டேங்க், மூணடி செங்கல் திண்டு மேல இருக்கு. அதுலருந்து ரெண்டு பாத்ரூமுக்கும் சமையலறைக்கும் ஒரே லைன்ல பச்சைத் தண்ணி இறங்குது. ஒரு பாத்ரூம்ல மட்டும் ஷவருக்காக பச்சைத் தண்ணி லைன்ல சின்ன பிரஷர் பம்ப் வச்சு, ஒத்தைப் பிடி மிக்ஸர் மாட்டியிருக்கு. இப்போதைக்கு விறகு பாய்லரும் 15 லிட்டர் கீசரும் ஓடுது.

200 லிட்டர் சோலார் வாங்கி, கரண்ட் வேலை தவிர மிச்சத்தை நாங்களே மாட்டலாம்னு இருக்கோம். குழாய் வெட்டி ஒட்டுறது, த்ரெட் போடுறது எல்லாம் கைப்பழக்கம் உண்டு. கேள்விகள் இதுதான். கண்ணாடிக் குழாய் வச்ச மாடல் வாங்கறதா, தட்டைப் பலகை வச்ச மாடல் வாங்கறதா? டேங்க்கை எவ்வளவு உசத்தணும்? தூரத்து பாத்ரூமுக்குக் குழாய் 14 மீட்டர் ஓடும், எந்தக் குழாய் போடலாம்? டிசம்பர், ஜனவரியில புல்லு வெள்ளையா உறையுது, அதுக்கு என்ன பண்றது? தென்கிழக்குல சில்வர் ஓக் வரிசை ஒண்ணு இருக்கு, அது இடைஞ்சலா?

குன்னூர்_குழாய்க்கடை:

முதல்ல மட்டத்தைப் பாருங்க. சரியா வேலை செய்யாத சோலார்ல பாதிக்கு மேல மட்டக் கோளாறுதான்.

வீட்டு சோலார்ல பம்ப் கிடையாது. மேல் டேங்க்ல இருக்கிற பச்சைத் தண்ணி தன் எடையால சோலார் டேங்க்கோட அடியில நுழைஞ்சு, மேல மிதக்கிற சூட்டுத் தண்ணியைத் தள்ளும். சுடுதண்ணி வெளிய போற வாய் டேங்க் உச்சியில இருக்கும். அதனால பச்சைத் தண்ணி டேங்க்கோட அடிப்பாகமே சோலார் டேங்க் உச்சியை விட ஒரு அடியாவது மேல இருக்கணும். இல்லாட்டி மேல் டேங்க்ல கால்வாசி தண்ணி இருக்கும்போதே சுடுதண்ணி நின்னு போகும். சோலார் டேங்க் நிறைய சூட்டுத் தண்ணி இருக்கும், குழாய்ல ஒரு சொட்டு வராது.

1800 மி.மீ. குழாய் உள்ள ஸ்டாண்டு 45 டிகிரி சரிவுல இருந்தா டேங்க் உச்சி ஆறடி கிட்ட வரும். அதே குழாய் 25 டிகிரியில படுத்தா நாலடிக்குக் கொஞ்சம் மேல. நமக்கு வேண்டியதும் 25 டிகிரிதான். நீலகிரி அட்சரேகை 11 டிகிரி சொச்சம், குளிர்காலச் சூரியனுக்காக அதோட 10, 15 கூட்டினா போதும். வடநாட்டுக்குச் செஞ்ச செங்குத்து ஸ்டாண்டைத் தலையில கட்டப் பார்ப்பாங்க, கேட்டு வாங்குங்க. படுத்த ஸ்டாண்டு வாங்கினாலும் உங்க மூணடித் திண்டு பத்தாது. குறைஞ்சது அஞ்சரை அடி வேணும். 500 லிட்டர்னா அரை டன், ஆங்கிள் ஸ்டாண்டோட கால்கள் சுவர் மேலயோ பீம் மேலயோ இறங்கணும், ஸ்லாப் நடுவுல வைக்காதீங்க. உசரத்தைக் கண்ணால மதிக்காம டியூப் லெவல் (மட்டம் பார்க்கத் தண்ணி நிரப்பின டியூப்) பிடிச்சுக் குறிச்சுக்குங்க.

அடுத்தது ஏர் வெண்ட். சோலார் டேங்க் உச்சியிலருந்து மேல போற குழாய் அது. மேல் டேங்க்கோட மூடியைத் தாண்டி ஒரு அடியாவது உசந்து, கழுத்தை வளைச்சு வாய் கீழ பார்த்து நிக்கணும். அதுல வால்வு, மூடி எதுவும் போடக்கூடாது. குட்டையா விட்டா மேல் டேங்க் நிறையும்போதெல்லாம் வெண்ட் வழியா சுடுதண்ணி மாடியில ஊத்தும். ஊத்துதேன்னு யாராவது அதுக்கு ஒரு மூடி போடுவாங்க. அப்புறம் பச்சைத் தண்ணி வரத்து நின்ன நேரத்துல கீழ குழாயைத் திறந்தா டேங்க்குக்குள்ள காத்து போக வழியில்லாம உள்பக்கத் தகடு நசுங்கிப் போகும். குளவி கூடு கட்டினாலும் இதே கதைதான், வாய்ல கம்பி வலை கட்டுங்க.

பச்சைத் தண்ணி லைனுக்கு மேல் டேங்க்ல தனி ஓட்டை போடுங்க. 25 மி.மீ. குழாய், ஒரு வால்வு, ஒரு யூனியன் (கழட்டி மாட்டுற இணைப்பு), அவ்வளவுதான். வீட்டுக்குப் போற லைன்ல டீ (மூணு வாய் இணைப்பு) போட்டு இழுக்கவே கூடாது. மேல் டேங்க் காலியான நேரத்துல கீழ சமையலறைக் குழாயைத் திறந்தா சோலார் டேங்க் தண்ணி அந்த டீ வழியா பின்னாடி இறங்கிடும். வெயில்ல தண்ணி இல்லாம நிக்கிற கண்ணாடிக் குழாய் உள்ள 200 டிகிரியைத் தாண்டும். அப்ப மேல் டேங்க் நிறைஞ்சு பச்சைத் தண்ணி பாய்ஞ்சா படபடன்னு விரிசல் விடும். சோலார் டேங்க்குக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி அந்த லைனை ஒரு அடி கீழ இறக்கி மறுபடி ஏத்துங்க. சூட்டுத் தண்ணி பின்னாடி ஏறி மேல் டேங்க்கைச் சூடாக்காம அந்த வளைவு தடுக்கும். கூடவே ஒரு என்ஆர்வி (தண்ணியை ஒரே பக்கமா மட்டும் விடுற வால்வு) போட்டுக்கலாம்.

சுடுதண்ணி லைனுக்கு டேங்க் வாய்ல பித்தளை நிப்பிள் போட்டு, அங்கிருந்து சிபிவிசி (சூடு தாங்குற பிளாஸ்டிக் குழாய்), கனம் எஸ்டிஆர் 11 ரகம். ஐஎஸ் 15778 எண் குழாய் மேலயே அச்சடிச்சிருக்கும். ஸ்டீல் டேங்க் வாய்ல ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்பு) நிப்பிள் போட்டா சேர்ற இடம் சீக்கிரம் துரு ஏறும், அதுவும் நம்ம ஊத்துத் தண்ணி பெரும்பாலும் மென்மையானது, இரும்பை அரிக்கும். மெயின் 20 மி.மீ., பாத்ரூம் கிளை 15 மி.மீ. பெருசா போட்டா நல்லதுன்னு முழுக்க 25ல ஓட்டாதீங்க. 20 மி.மீ. குழாய்ல மீட்டருக்குக் கால் லிட்டர் தண்ணி நிக்கும். உங்க 14 மீட்டர்ல மூணரை லிட்டர், ஒவ்வொரு தடவையும் அது ஆறிப்போய்தான் முதல்ல வரும்.

குழாய் டேங்க்கிலிருந்து கீழ் நோக்கியே போகணும். நடுவுல கைப்பிடிச்சுவர் மேல ஏறி இறங்குற மாதிரி திமில் வந்தா அங்க காத்து மாட்டிக்கும், தண்ணி மூச்சுத் திணறி வரும். ஏறித்தான் ஆகணும்னா அந்தத் திமில்ல இன்னொரு சின்ன வெண்ட் வைங்க. பத்து மீட்டர் சிபிவிசி 50 டிகிரி சூடேறினா மூணு செ.மீ.க்கு மேல நீளும். கிளாம்பை இறுக்கிப் பிடிக்காதீங்க, நேர் ஓட்டத்துல ஒரு இடத்துல எல்போ வச்சு வளைச்சு விடுங்க. மூடுபனி நாள்ல ஒட்டும்போது குழாய் முனையை உலர்ந்த துணியால துடைச்சுட்டு சொல்யூஷன் போடுங்க. கால் திருகு திருகி அரை நிமிஷம் அழுத்திப் பிடிக்கணும். டப்பாவுல போட்டிருக்கிற காயுற நேரம் வெதுவெதுப்பான ஊருக்கு. நம்ம குளிருக்கு ஒரு முழு நாள் விட்டுட்டு சூட்டுத் தண்ணி விடுங்க.

மாட்டுற வரிசை: ஸ்டாண்டு, டேங்க், எல்லாப் பைப்பும் முடிஞ்ச பிறகு கடைசியாத்தான் கண்ணாடிக் குழாய். அதுவும் சாயங்காலம் வெயில் இறங்கினப்புறம். தரையில ஒரு அடிக்கு ஒரு அடி, ஆறு இஞ்ச் கனத்துல கான்கிரீட் கட்டை வார்த்து (ஒவ்வொண்ணும் 34 கிலோ கிட்ட வரும்) அதுல ஆங்கர் போல்ட் போட்டு ஸ்டாண்டை நிறுத்துங்க. மாடியோட தட்டோட்டுல துளை போட்டா அடுத்த மழைக்கு ஒழுகும். தண்ணியோட மொத்தம் 320 கிலோ நிக்கும், காலியா இருக்கும்போது மட்டும்தான் காத்துக்குப் பயம். ஆனாலும் ஜூன் மாசக் காத்தை நம்பாதீங்க, ரெண்டு பக்கமும் ஒயர் ரோப் கட்டுங்க. டேங்க் ரசமட்டத்துக்கு நேரா இருக்கட்டும், வெண்ட் இருக்கிற பக்கம் ஒரு நூல் உசந்தா தப்பில்லை.

கண்ணாடிக் குழாயில முதல்ல தூசி வளையத்தை மாட்டி, திறந்த முனையைச் சோப்புத் தண்ணியில நனைச்சு, டேங்க்ல இருக்கிற சிலிக்கான் வளையத்துக்குள்ள திருகித் திருகித் தள்ளணும். நேராக் குத்தினா வளையம் மடிஞ்சு உள்ள போயிடும். அப்படி மடிஞ்ச இடத்துலதான் சொட்டும், அதைச் சரிபண்ண டேங்க் முழுக்க இறக்கணும். கிரீஸ், எண்ணெய் தொடவே கூடாது, சிலிக்கான் ஊதிப்போகும். அடிமுனையைக் கிண்ணத்துல உட்கார வச்சு லேசா இறுக்குங்க, முறுக்கினா அந்த முனை உடையும். ரெண்டு ஓரத்துக் குழாயை முதல்ல போட்டு ஸ்டாண்டு கோணல் இல்லைன்னு பார்த்துட்டு மத்ததைப் போடுங்க. அன்னிக்கு ராத்திரியே வால்வைப் பாதி திறந்து மெதுவா நிரப்பிடுங்க. டேங்க்குக்கு 200, இருபது குழாய்க்கு 50 சொச்சம், ஆக 250 லிட்டர் வேணும். பாதியில தண்ணி தீர்ந்தா மறுநாள் காலையில சாக்கு போட்டு மூடாம விடாதீங்க.

ஓக் மரத்துக்கு ஒரு கணக்கு: டிசம்பர் கடைசியில காலை ஒன்பதரை மணி வாக்குல சூரியன் 34 டிகிரி உசரத்துல இருக்கும். அப்ப மரத்தோட நிழல் உசரத்துல ஒன்றரை மடங்கு நீளும். குழாய் மட்டத்துலருந்து மரம் 40 அடி உசந்து நின்னா 60 அடி தள்ளி இருக்கணும். பத்தரை, பதினொண்ணுக்கு மேல சூரியன் ஏறிடும், பிரச்சினை பாதி குறையும். கிளை கழிச்சாலே பல இடத்துல போதும்.

வில்பட்டி_கொடை:

மேலே சொன்ன மட்டக் கணக்கு அத்தனையும் சரி. என்ஆர்வி விஷயத்தில் மட்டும் உறைபனி விழும் இடத்துக்கு மாற்றுக் கருத்து உண்டு. அதற்கு முன் எந்த வகை என்ற கேள்வி.

தட்டைப் பலகையில் கண்ணாடிக்கு அடியில் செம்புக் குழாய்களில் தண்ணீர் நேரடியாக ஓடுகிறது. மேகமில்லாத ஜனவரி இரவில் பலகை வானத்தைப் பார்த்துச் சூட்டை இழந்துகொண்டே இருக்கும். காற்று 2, 3 டிகிரியில் இருக்கும்போதே பலகை பூஜ்ஜியத்துக்குக் கீழே போய்விடும். புல் மேல் வெள்ளை படிவதும் இதனால்தான். தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 9 சதவீதம் விரியும், செம்புக் குழாய் நீளவாக்கில் பிளக்கும். பலகைதான் வேண்டுமென்றால் டேங்கிற்குள் தனிச் சுற்று உள்ள மாடல் வாங்கி, அந்தச் சுற்றில் 30 சதவீதம் புரோப்பிலின் கிளைக்கால் கலந்து ஊற்ற வேண்டும். மைனஸ் 13 டிகிரி வரை தாங்கும், நம் மலைகளுக்கு அது தாராளம். கார் ரேடியேட்டருக்கு ஊற்றும் எத்திலீன் வகை விஷம், வீட்டுக் குளியல் தண்ணீருக்குப் பக்கத்தில் கூட அது வரக்கூடாது.

கண்ணாடிக் குழாயில் இரண்டு சுவருக்கும் நடுவே வெற்றிடம். உள்ளே நிற்கும் தண்ணீர் கேத்திக் குளிரில் உறையாது. ஆக உங்களுக்குக் கண்ணாடிக் குழாய்தான் பொருத்தம். உறைவது அதைச் சுற்றியுள்ள பைப்புதான். சுடுதண்ணீர் பைப்புக்கு மட்டும் ரப்பர் உறை போட்டுவிட்டுப் பச்சைத் தண்ணீர் லைனை வெறுமனே விடுவது எல்லா இடத்திலும் பார்க்கும் தப்பு. முதலில் உறைவதே அதுதான், இரவு முழுக்க அசையாமல் நிற்கும் பச்சைத் தண்ணீர் அதில்தான் இருக்கிறது. 19 மி.மீ. கனமுள்ள நைட்ரைல் ரப்பர் உறையை இரண்டு லைனுக்கும், வால்வு, யூனியன், வடிகால் மூடிக்கும் போடுங்கள். ஓரம் ஒட்டாமல் இடைவெளி விட்டால் அந்த அரை இஞ்சில் உறையும். மலை வெயிலில் கறுப்பு ரப்பர் சீக்கிரம் பொடிந்து உதிரும், மேலே அலுமினிய டேப் சுற்ற வேண்டும். சிபிவிசியும் வெயிலில் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். உறை போடாத இடம் ஏதாவது இருந்தால் தண்ணீர் கலக்கும் வெள்ளை பெயிண்ட் அடிக்கலாம், தின்னர் கலக்கும் பெயிண்ட் பிளாஸ்டிக்கைத் தின்னும். மாடிக்கு மேலே வெட்டவெளியில் ஓடும் துண்டுக்கு மட்டும் காம்போசிட் பைப் (நடுவே அலுமினியம் வைத்த பிளாஸ்டிக் பைப்) போடுவது நல்லது, பனியில் சிபிவிசி போல் சட்டென்று கீறாது.

வெண்ட் குழாயை யாரும் யோசிப்பதில்லை. அதற்குள் மேல் டேங்க் மட்டம் வரை தண்ணீர் நிற்கிறது. சோலார் டேங்க் உச்சிக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் குழாய் அது, இரவில் ஐஸ் குச்சியாகும். காலையில் வெயில் ஏறித் தண்ணீர் விரியும்போது வெண்ட் அடைத்திருக்கிறது, பச்சைத் தண்ணீர் லைனில் என்ஆர்வி பின்வழியையும் அடைத்திருக்கிறது. மூடிய பானையாகிவிட்ட டேங்கில் அழுத்தம் ஏறி சிலிக்கான் வளையங்கள் வழியாகக் கசியும். என்ஆர்வி இல்லாவிட்டால் அந்த விரிவு மேல் டேங்குக்கே திரும்பிவிடும். தனி லைன், ஒரு அடி இறக்க வளைவு இரண்டும் இருந்தால் என்ஆர்விக்கு வேலையே இல்லை. கேத்தி, தலைக்குந்தா, காந்தல் மாதிரி இடங்களில் அதை விட்டுவிடுங்கள். வெண்டுக்கு 20 மி.மீ.க்குக் குறையாத குழாய், அதற்கும் 19 மி.மீ. உறை.

திசையில் ஒரு சின்னத் திருத்தம் செய்யலாம். நம் மலைகளில் காலை வெயில் நிச்சயம், பிற்பகலில் மூடுபனி இறங்கிவிடும். சரியான தெற்கிலிருந்து 10, 15 டிகிரி கிழக்கே திருப்பி வைத்தால் நஷ்டமில்லை, லாபம் உண்டு. ஆனால் உங்கள் இடத்தில் தென்கிழக்கில் ஓக் வரிசை. அதை வெட்டவோ கழிக்கவோ முடியாதென்றால் நேர்த் தெற்கே இருக்கட்டும். காந்த ஊசியின் பிழை இங்கே ஒன்றிரண்டு டிகிரிதான், கைப்பேசித் திசைகாட்டியை இரும்பு ஸ்டாண்டிலிருந்து பத்தடி தள்ளி நின்று பாருங்கள்.

குரங்கை மறக்க வேண்டாம். கண்ணாடிக் குழாயை அது உடைப்பது அபூர்வம், ரப்பர் உறையைக் கிழிப்பது நித்திய வேலை. உறைக்கு மேல் மெல்லிய அலுமினியத் தகடு சுற்றிக் கம்பியால் கட்டுவதுதான் நிலைக்கிறது. தைல மரமோ ஓக் மரமோ மாடி மேல் சாய்ந்திருந்தால் முறிந்து விழும் கிளைதான் குழாய்க்கு முதல் எதிரி.

லவ்டேல்_வயர்மேன்:

மேல்வீடு சார், உங்க ஒத்தைப் பிடி மிக்ஸர்தான் இதுல பெரிய கோளாறு பண்ணப் போகுது. யாரும் அதைத் தொடலை.

பச்சைத் தண்ணி பக்கம் பம்ப் ஒன்றரை பார் அழுத்தத்துல தள்ளுது. சுடுதண்ணி பக்கம் வெறும் புவியீர்ப்பு, பத்தடிக்கு 0.3 பார். பிடி நடுவுல இருக்கும்போது பச்சைத் தண்ணி மிக்ஸருக்குள்ளயே குறுக்கே பாஞ்சு, சுடுதண்ணி லைன் வழியா பின்னாடி ஏறி சோலார் டேங்க்குக்குப் போகும். கை ஷவரை அதன் பட்டன்ல நிறுத்திட்டுப் பிடியைத் திறந்தபடி விட்டா ராத்திரி முழுக்கப் போகும். காலையில டேங்க் பச்சையா இருக்கும், வெண்ட் வழியா மாடியில ஊத்தியிருக்கும், சோலார் சரியில்லைன்னு கடைக்காரரைத் திட்டுவாங்க. அந்த மிக்ஸருக்கு வர்ற பச்சைத் தண்ணியையும் பம்ப் இல்லாம அதே மேல் டேங்க்லருந்து கொடுங்க. ஷவருக்கு வேகம் வேணும்னா ரெண்டு லைன்லயும் பம்ப் வைக்கணும், சுடுதண்ணிப் பக்கம் வைக்கிறது சூடு தாங்குற மாடலா இருக்கணும். குறைஞ்சபட்சம் மிக்ஸருக்குப் போற சுடுதண்ணிக் கிளையில ஒரு என்ஆர்வி. வில்பட்டி அண்ணன் வேண்டாம்னது டேங்க்குக்கு உள்ள வர்ற லைன்ல, இது வீட்டுக்குள்ள இருக்கிற கிளையில, ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

சோதனை சுலபம். சோலார் டேங்க்குக்கு வர்ற வால்வை மூடிட்டு, ஒரு சுடுதண்ணிக் குழாயைத் திறங்க. கொஞ்ச நேரத்துல நிக்கணும். நிக்காம ஓடிட்டே இருந்தா எங்கயோ ஒரு மிக்ஸர் குறுக்கே விடுது. ஒவ்வொரு மிக்ஸர் அடியிலயும் இருக்கிற ஆங்கிள் வால்வை மூடிப் பார்த்தா எதுன்னு பிடிபடும்.

இனி மழைக்காலத்துக்கு. ஜூன்லருந்து ஆகஸ்டு வரை ஊட்டிப் பக்கம் வெயிலே பார்க்க முடியாது, அக்டோபர்லருந்து டிசம்பர் வரை குன்னூர், கோத்தகிரி பக்கம் அதே நிலை. கேத்தி ரெண்டுக்கும் நடுவுல, ரெண்டு மழையிலயும் பங்கு உண்டு. விற்கிறவங்க டேங்க்குள்ள 2 கிலோவாட் ஹீட்டர் மாட்டித் தர்றேம்பாங்க. கணக்குப் போடுங்க: 200 லிட்டரை 12 டிகிரியிலருந்து 45க்கு ஏத்த ஏழரை யூனிட்டுக்கு மேல ஆகும், நாலு மணி நேரம் ஓடணும். ஒருத்தர் குளிக்கவும் அத்தனையும் சுடணும். உங்ககிட்ட ஏற்கெனவே இருக்கிற 15 லிட்டர் கீசர் வழியா சோலார் தண்ணியை விடுங்க. சோலார் 25 டிகிரியில கொடுத்தாலும் கீசர் அதை 55க்கு ஏத்த அரை யூனிட்தான். கீசருக்கு மூணு வால்வு வச்சு பைபாஸ் போட்டுட்டா வெயில் நாள்ல நேரா விட்டுடலாம். உள்ள வர்ற தண்ணி எத்தனை டிகிரி வரை தாங்கும்னு கீசர் பெயர்ப்பலகையில பார்த்துக்குங்க. கேஸ் கீசர் இதுக்கு ஆகாது, புவியீர்ப்பு அழுத்தத்துல பலதும் பத்திக்காது. விறகு பாய்லரையும் கழட்டிப் போட்டுடாதீங்க, மழையில ரெண்டு நாள் கரண்ட் இல்லாதபோது அதுதான் ஆள்.

டேங்க் ஹீட்டரே வேணும்னாலும் 16 ஆம்பியர் தனி எம்சிபி (லோடு மிஞ்சினா அணையுற சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா அணைக்கிறது), 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர், ஓட்டம் நீளம்னா 4. எர்த் இல்லாம சுவிட்சைத் தொடவே வேண்டாம், குளிக்கிற தண்ணியில கரண்ட் வரும். பகல்ல போடாதீங்க, அப்புறம் வெயில் வந்து சூடாக்க என்ன மிச்சம் இருக்கும்? சாயங்காலம் தொட்டுப் பார்த்து, பத்தாதுன்னா விடிகாலையில போடுங்க. மாடியில இரும்பு ஸ்டாண்டு நிக்குது, ஏப்ரல், மே இடி மழை இருக்கு, ஸ்டாண்டையும் எர்த்தோட சேர்த்துடுங்க.

கேத்தி_மேல்வீடு:

ரொம்ப நன்றிங்க. என்ஆர்வி குழப்பம் தீர்ந்துச்சு. ரெண்டு கேள்வி. வீட்டுக்குப் பின்னாடி மேட்டுல, மாடி மட்டத்துக்குச் சமமா ஒரு திட்டு இருக்கு. அதுல காலையிலருந்து வெயில், ஓக் நிழலும் விழாது. மாடியில டேங்க்கை உசத்தாம அங்கயே வைக்கலாமா? இன்னொண்ணு, நாலு பேருக்கு 200 லிட்டர் போதுமா? கோயம்புத்தூர்ல சொந்தக்காரங்க வீட்டுல 100 லிட்டர்தான், நாலு பேருக்கும் மிச்சம்.

வில்பட்டி_கொடை:

திட்டு இருந்தால் யோசிக்கவே வேண்டாம், அங்கேதான். அதற்கும் மேலே ஒரு படி இருந்தால் பச்சைத் தண்ணீர் டேங்கை அதில் வைத்தால் ஸ்டாண்டுச் செலவே இல்லை. மட்டம் மட்டும் முன்பு சொன்ன கணக்குப்படி வர வேண்டும். அந்த டேங்குக்கு இப்போதைய மோட்டார் ஏற்றுமா என்று முதலில் பாருங்கள். இறங்கும் பைப்பை ஒரு அடி ஆழத்தில் புதையுங்கள், இங்கே பனி மண்ணின் மேல் தோலோடு நின்றுவிடும். ரப்பர் உறை மண் ஈரத்தைக் குடிக்காமல் இருக்க அதை ஒரு பெரிய பிவிசி குழாய்க்குள் நுழைத்துப் புதைக்க வேண்டும். புதிதாகக் கொட்டிய மண்ணில் இல்லாமல் வெட்டிய கெட்டி மண்ணில் ஸ்டாண்டு நிற்கட்டும், மண்ணடித்து மேடாக்கிய ஓரம் மழையில் இறங்கும். காட்டெருமை முதுகு சொறிய இரும்புக் கால் வாகான இடம். சுற்றி நாலு கல்தூண் நட்டு, கட்டாயம் வேலி போடுங்கள்.

குன்னூர்_குழாய்க்கடை:

கோயம்புத்தூர் கணக்கு இங்க ஒத்து வராது. அங்க பச்சைத் தண்ணியே 27 டிகிரி. 60 டிகிரி சுடுதண்ணியை விளாவிக் குளிக்கிற 40 டிகிரிக்குக் கொண்டுவர, வாளியில அஞ்சுல ரெண்டு பங்கு சுடுதண்ணி போதும். இங்க ஜனவரியில குழாய்த் தண்ணி 12 டிகிரி. அதே விளாவலுக்குப் பாதிக்கு மேல, கிட்டத்தட்ட அறுபது சதவீதம் சுடுதண்ணி வேணும். சோலார் 45 டிகிரிதான் கொடுத்துச்சுன்னா வாளியில எண்பத்தஞ்சு சதவீதம் அதுவே. அதுக்கு மேல, 12 டிகிரியிலருந்து ஏறணும்.

58க்கு 1800 (மி.மீ.ல விட்டம், நீளம்) குழாய் இருபது இருந்தா நல்ல வெயில் நாள்ல 200 லிட்டருக்கு 6, 7 யூனிட் சூடு சேரும்னு வைங்க, ஏறக்குறைய 26லருந்து 30 டிகிரி ஏத்தம். முழு டேங்க்கையும் காலி பண்ணிட்டா மறுநாள் சாயங்காலம் 40தான் இருக்கும். பாதி மட்டும் செலவழிச்சா அந்த மிச்சச் சூடு மேல ஏறி 55, 60 வரும். அதனால நாலு பேருக்கு 200 சரி, ஆனா குழாய் எண்ணிக்கையில கஞ்சத்தனம் வேண்டாம். அதே 200 லிட்டரைப் பதினாறு குழாயில விக்கிறவங்க இருக்காங்க, லிட்டரைப் பார்க்காம குழாயை எண்ணி வாங்குங்க. 24 கிடைச்சா இன்னும் நல்லது. 47க்கு 1500 சைஸ் குழாய்னா 100 லிட்டருக்குப் பதினஞ்சு. டேங்க்கைச் சுத்தி பஃப் (சூடு காக்கிற நுரை) 50 மி.மீ. கேளுங்க, குறைஞ்சா ராத்திரிக் குளிருக்குக் காலையில வெதுவெதுப்புதான் மிஞ்சும். மானியம் எதிர்பார்க்காதீங்க, பிஎம் சூர்ய கர் திட்டம் கரண்ட் தயாரிக்கிற பேனலுக்குத்தான்.

ரெண்டு குழாய் கூடுதலா வாங்கி அட்டைப்பெட்டியோட பரண்ல போடுங்க. மலைப்பாதையில ஏறி வரும்போதே ஒண்ணு ரெண்டு கீறியிருக்கும். பிரிக்கும்போதே ஒவ்வொரு குழாயோட மூடின முனையையும் பாருங்க. வெள்ளி மாதிரி பளபளன்னு இருந்தா வெற்றிடம் இருக்கு. பால் வெள்ளையா மாறியிருந்தா காத்து உள்ள போயிடுச்சு, வண்டிக்காரர் நிக்கும்போதே திருப்பிக் கொடுத்துடுங்க. பின்னாடியும் வருஷம் ஒருதரம் அதே முனையைப் பார்த்தா போதும், எந்தக் குழாய் செத்ததுன்னு தெரிஞ்சிடும். ஊத்துத் தண்ணியில வண்டல் வரும்னா மேல் டேங்க் வாய்ல ஒரு வடிகட்டி போடுங்க. அப்படியும் கண்ணாடிக் குழாய் அடியில சேறு தேங்கும், மழைக்காலம் முடிஞ்சதும் ஓரத்துக் குழாய் ஒண்ணைச் சாயங்காலத்துல உருவிப் பாருங்க. நாலு விரல்கடை சேறு இருந்தா எல்லாத்தையும் கழுவணும்.

லவ்டேல்_வயர்மேன்:

குழாயை உருவறதுக்கு முன்னாடி டேங்க் தண்ணியை வடிகால் வழியா முழுக்க இறக்கிடுங்க சார், இல்லாட்டி 200 லிட்டரும் அந்த ஓட்டை வழியாத்தான் வரும். ஹீட்டர் சுவிட்சை அணைச்சு எம்சிபியையும் இறக்கி வைங்க. மேட்டுத் திட்டுக்கு ஒயர் கொண்டுபோறதா இருந்தா தண்ணிக் குழாய் புதைக்கிற அதே குழியில போடாம ஒரு அடி தள்ளித் தனிக் குழி, ஆர்மர்டு (இரும்புக் கவசம் போட்ட) கேபிள்.

கேத்தி_மேல்வீடு:

மோட்டார் ஏத்தும், மேல் படி பதினோரு அடிதான் கூடுது. டியூப் லெவல் பிடிச்சுப் பார்த்துட்டு மட்ட அளவுகளை இங்கயே போடுறேன், தப்பு இருந்தா சொல்லுங்க.